எரிந்த குருத்தோலை எங்கே போகிறது?



சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று கையில் ஏந்திய ஓலையை வீட்டுச் சிலுவையின் பின்னால் செருகி வைத்திருக்கிறோம். திருநீற்றுப் புதனுக்கு முன் அதைக் கோவிலுக்குக் கொண்டுவந்து எரிக்கிறோம். ஒரு கட்டு ஓலைக்கு ஒரு கைப்பிடிச் சாம்பல்தான் மிஞ்சுகிறது. மற்றதெல்லாம் எங்கே?

காற்றுக்குத்தான் போயிற்று. பனையும் தென்னையும் தம் உடலின் பெரும்பகுதியை மண்ணிலிருந்து எடுப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஓலைவழியே வாங்கி, அதிலுள்ள கார்பனை வெயிலின் துணையோடு நாராகவும் நுங்காகவும் ஆக்கிக்கொள்கின்றன. எரிக்கும்போது அந்தக் கார்பன் மீண்டும் காற்றில் கலக்கிறது. நம் நெற்றியில் இடும் சாம்பல், பெரும்பாலும் வேர் உறிஞ்சிய மண்ணின் உப்புகளே. மண்ணும் மூச்சும் சேர்ந்தவர் மனிதர் என்று தொடக்க நூலின் 2ஆம் அதிகாரம் காட்டுகிறது. அது அறிவியல் பாடமன்று. ஆனாலும் ஓலையைப் பார்க்கும்போது அந்த நினைவு வரத்தான் செய்கிறது.

இது சில மாதங்களில் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் கைமாற்று. இன்னொரு கணக்கு மிக மெதுவானது. கடல்நீரில் கரைந்த கார்பனைச் சிப்பிகளும் பவள உயிர்களும் சுண்ணாம்பு ஓடாக்குகின்றன. அவை மடிந்து அடியில் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் பாறையாகின்றன. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் அப்படி வந்ததே; கடலை விட்டு அவ்வளவு தள்ளியும் அங்கே தோண்டினால் கடற்சிப்பி கிடைக்கிறது. அந்தக் கல்லைச் சிமெண்டுக்காகச் சுட்டால், 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். நெய்வேலி நிலக்கரியும் பழங்காலக் காடுகளின் சேமிப்புதான். அந்தச் சேமிப்பைச் சில தலைமுறைகளுக்குள் நாம் அவிழ்த்துவிடுகிறோம்.

ஆலைகள் பெருகுமுன் காற்றின் 10 லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளிவிடுவதில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. அதனால் கடல்நீரின் அமிலத்தன்மை கூடி, சிப்பியும் பவளமும் ஓடு கட்டத் திணறுகின்றன. மன்னார் வளைகுடாவில் வலை வீசும் நம் மக்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. பல மீன்களின் குஞ்சுகள் வளர்வது பவளத்திட்டுகளில்தான். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் கடலின் இந்த மாற்றத்தையும் குறிப்பிட்டிருக்கிறார்.

ஓலைகளைத் திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிறன்றே கொண்டுவாருங்கள். அவற்றில் கட்டிய பிளாஸ்டிக் பூவையும் ரிப்பனையும் கழற்றிவிடுங்கள். அவை நிலத்தடி எண்ணெயிலிருந்து வந்தவை. இந்தத் தீயில் அவற்றுக்கு இடமில்லை.