நாணவேண்டியவர் யார்?

தருமபுரி ஜில்லாவில் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்றொரு சிற்றூர் உளது. 1992ம் வருஷம் ஜூன் மாதம் 20ந் தேதி, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, போலீஸ், ரெவின்யூ இலாகா உத்தியோகஸ்தர்கள் கூட்டமாக அவ்வூரில் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. மலைவாழ் குலத்துப் பெண்கள் 18 பேர் பலாத்காரத்துக்கு ஆளாயினர். குடிகளைக் காக்கக் கூலி பெற்ற கைகளே இக்கொடுமையைச் செய்தன.

அப்பெண்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. தமக்குத் தீங்கிழைத்தோரை அடையாளம் காட்டினர். நியாயஸ்தலத்தில் சாக்ஷி கூறினர். 2011ம் வருஷம் தருமபுரி கோர்ட்டு, உயிரோடிருந்த 215 எதிரிகளும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அவர்களுள் 17 பேர் பலாத்காரக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2023ல் சென்னை ஹைகோர்ட் அத்தீர்ப்பை உறுதிசெய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டது. நீதி வந்தது; ஆனால் வந்து சேர 31 வருஷங்கள் ஆயின!

அந்த 31 வருஷங்களும் அவர்கள் உள்ளத்தில் நடந்த போராட்டத்தை எந்தத் தீர்ப்பு அளந்து சொல்லும்? இக்கொடுமைக்கு ஆளானவளுக்கு உறக்கம் கெடும்; சிறு ஓசைக்கும் உடல் நடுங்கும்; நினைவு துண்டு துண்டாய்ச் சிதறும்; செய்யாத குற்றத்துக்குத் தன்னையே நொந்துகொள்வாள். "ஏன் கூச்சலிடவில்லை?" என்று சிலர் வினவுகிறார்கள். பேரச்சம் வந்தகாலை உடல் கல்லாய்ச் சமைந்துவிடுவது இயற்கை. எதிர்க்காமை இசைவு ஆகாது.

இவ்விஷயத்தில் பத்திரிகைகளாகிய நாமும் குற்றமற்றவர்களல்லோம். 'கற்பழிப்பு' என்று நெடுங்காலம் எழுதிவந்தோம். அழிந்தது அவள் கற்பா? அன்று, செய்தவனுடைய மனிதத்தன்மையே அழிந்தது. மானம் போனவன் அவன், நாணவேண்டியவனும் அவனே. இதை ஊர் உணரும்வரை எந்தப் பெண்ணின் புண்ணும் முற்றும் ஆறாது.

மேடைதோறும் பெண்குலத்தைத் தாயென்று போற்றும் தேசபக்தர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, உங்கள் சங்கத்திலோ ஒரு பெண் இத்தகைய துயரைக் கூறினால், முதலில் அவளை நம்புங்கள். பழிகூறாதீர், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும்படி வற்புறுத்தாதீர். அவள் பெயரை வெளியிடாதீர். அது சட்டப்படி குற்றம். தாமதமின்றி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினாலன்றிப் பயனில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியாயினும் தனியார் ஆஸ்பத்திரியாயினும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கக் கடமைப்பட்டுள்ளது. இதை 2013ம் வருஷத்துச் சட்டத்திருத்தம் விதித்தது.

வழக்குத் தொடுப்பது பற்றி வயது வந்த பெண் தானே தீர்மானிக்கட்டும். 18 வயதுக்குட்பட்ட சிறுமியாயின் போலீசுக்கு அறிவிப்பது கட்டாயம். "இயக்கத்துக்கு இழுக்கு வரும்" என்று சொல்லிக் குற்றவாளியை மறைப்பவர் எவராயினும் அவரும் அவனுக்கு உடந்தையே.

பறிக்கப்பட்ட உரிமையை அவள் கையில் திரும்பக் கொடுப்பதே சிகிச்சையின் தொடக்கம். எப்போது பேசுவது, யாரிடம் பேசுவது, எப்போது மௌனமாயிருப்பது என்பதெல்லாம் அவள் விருப்பம். பொறுமையோடு அருகிலிருப்பது நம் கடமை. வாச்சாத்திப் பெண்கள் 31 வருஷம் பொறுத்தனர். இனியொரு பெண்ணை அவ்வாறு காத்திருக்கவைப்பது, ஸ்வதந்திரம் பெற்ற தேசத்துக்கு அழகாகுமா?