ராஜா விலகினார்... ராஜ்ஜியம் வளர்ந்தது! - யாருக்கும் சொந்தமில்லாத 'பைத்தான்' கதை

2018 ஜூலை மாதம், உலகம் முழுக்க இருந்த பைத்தான் புரோகிராமர்களுக்கு ஓர் அதிர்ச்சி. அந்த மொழியை உருவாக்கி, அதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுத்துவந்த கைடோ வான் ராசம், அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார்.

காரணம், முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்து எழுதும் ஒரு சின்னக் குறியீடு! அதைச் சேர்க்கலாமா, கூடாதா என்று நடந்த வாக்குவாதத்தில் மனிதர் நொந்துபோனார். சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டு, ஒதுங்கிக்கொண்டார்.

உருவாக்கியவரே போய்விட்டால் மொழி என்ன ஆகும்?

லீவில் பிறந்த மொழி

நெதர்லாந்துக்காரரான கைடோ, ஆம்ஸ்டர்டாமில் சி.டபிள்யூ.ஐ என்ற ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அலுவலகம் மூடியிருந்ததால், பொழுதுபோக்காக வீட்டு கம்ப்யூட்டரில் புதிய மொழி ஒன்றை எழுத ஆரம்பித்தார். பெயருக்கும் பாம்புக்கும் சம்பந்தமில்லை. பி.பி.சி-யின் 'மான்ட்டி பைத்தான்' காமெடித் தொடருக்கு அவர் ரசிகர், அவ்வளவுதான். 1991 பிப்ரவரியில் பைத்தான் வெளியானது.

ஏன் இவ்வளவு பிரபலம்?

திரையில் 'வணக்கம்' என்று காட்ட, ஜாவாவில் வழக்கமாகச் சில வரிகள் எழுத வேண்டும். பைத்தானில் ஒரே வரி போதும். 'வயது', 'மதிப்பெண்' என்று தமிழிலேயே மாறிகளுக்குப் பெயர் வைத்தாலும் புரிந்துகொள்ளும். தமிழ்நாட்டின் பிளஸ் 2 கணினி அறிவியல் பாடத்திலும் பைத்தான் உண்டு.

எளிமையானது என்பதால் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். 2019 ஏப்ரலில் வெளியான கருந்துளையின் முதல் படத்தை உருவாக்கியதில் பைத்தான் நிரல்களுக்குப் பங்கு உண்டு. இன்றைய ஏ.ஐ ஆய்வுகளும் பெருமளவில் இதில்தான் நடக்கின்றன.

இத்தனைக்கும் உரிமக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இது ஓப்பன் சோர்ஸ். மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், அதை வைத்து மென்பொருள் செய்து விற்கவும் செய்யலாம்.

ராஜாவுக்குப் பதில் ஐவர்

கைடோ விலகியதும் பைத்தானை எழுதிப் பராமரிப்பவர்களே தேர்தல் நடத்தினார்கள். 2019 தொடக்கத்தில் 5 பேர் கொண்ட குழு பொறுப்பேற்றது. முதல் குழுவில் கைடோவும் ஐவரில் ஒருவர்! இந்தக் குழுவுக்கு ஒரு முக்கியமான விதி உண்டு. ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் 2 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எவ்வளவு பெரிய கம்பெனியும் மொழியை வளைத்துப் போட முடியாது.

பழைய குறை ஒன்றுக்கும் இந்தக் காலத்தில்தான் தீர்வு பிறந்தது. சமையலறையில் நான்கு பேர் தயாராக நின்றாலும் கரண்டி ஒன்றுதான் என்றால் எப்படி இருக்கும்? பைத்தானின் நிலைமை அதுதான். ஒரே புரோகிராமுக்குள் பல வேலைகளைப் பிரித்துக் கொடுத்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் நிரலை இயக்க முடியும். இந்தப் பூட்டு இல்லாத பதிப்பு 2024 அக்டோபரில் சோதனையாக வந்தது. 2025 அக்டோபரில் வெளியான 3.14-ல் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடைத்தது.

கவலை எங்கே?

பணத்தில்தான். பைத்தானைப் பாதுகாக்கும் 'பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்' லாப நோக்கமற்ற அமைப்பு. அதன் ஆண்டு பட்ஜெட் சுமார் 50 லட்சம் டாலர்தான். பிரபல பைத்தான் தொகுப்புகளின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, ஆபத்தான நிரல்களைப் பதிவேற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். இதைத் தடுக்கும் பணிகளுக்காக அமெரிக்க அரசிடமிருந்து 15 லட்சம் டாலர் நிதி வரவிருந்தது. ஆனால், எல்லாத் தரப்பினரையும் அரவணைக்கும் தன் திட்டங்களைக் கைவிடச் சொல்லும் நிபந்தனை அதில் இருந்ததால், 2025 அக்டோபரில் அந்த நிதியே வேண்டாம் என்று ஃபவுண்டேஷன் சொல்லிவிட்டது.

கோடிகளில் சம்பாதிக்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் மொழியின் பல வேலைகளை, இன்னமும் தன்னார்வலர்கள்தான் ஓய்வு நேரத்தில் செய்துகொடுக்கிறார்கள். யாருக்கும் சொந்தமில்லை என்பது பைத்தானின் பலம். 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று எல்லோரும் இருந்துவிட்டால், அதுவே பலவீனம்.

பைத்தானின் மூல நிரல் கிட்ஹப் தளத்தில் திறந்தே கிடக்கிறது. அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொல்ல யாருடைய சிபாரிசும் தேவையில்லை. பிளஸ் 2-வில் அதைப் படிக்கும் மாணவியும் சொல்லலாம்!