தங்கைக்கு ஒரு ‘ம’

கெட்டிக்காரக் கண்ணா,

உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நான்கு வயதில் ஒரு குட்டித் தங்கை இருக்கிறாளா? தம்பி என்றாலும் சரிதான். அவளுக்கு நீ ‘ம’ சொல்லிக் கொடுத்திருப்பாய். அவளும் பலமாகத் தலையாட்டியிருப்பாள். மறுநாள் அதே எழுத்தைக் காட்டினால் ‘ப’ என்பாள். இல்லாவிட்டால் ஜன்னல் பக்கம் பார்ப்பாள்.

‘இத்தனை சின்ன எழுத்து ஏன் இவளுக்கு நிற்கவில்லை?’ என்று நீ யோசித்தாயா? சபாஷ்! அது நல்ல அறிவியல் கேள்வி. வா, சேர்ந்து பார்ப்போம்.

பென்சிலைக் கீழே வை. இப்போதைக்கு வாய் போதும்.

உதடுகளை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்ம்’ என்று இழு. நிறுத்தாதே. இழுத்துக்கொண்டே மூக்கின் இரண்டு துளைகளையும் விரலால் அழுத்திப் பிடி. என்ன ஆயிற்று? சத்தம் டக்கென்று நின்றதா? இன்னொரு முறை செய்து பார். நான் காத்திருக்கிறேன்.

வாயை ஏற்கெனவே மூடிவிட்டாய். காற்று வெளியே வர மூக்கு ஒன்றுதான் வழி. அதையும் அடைத்தால் காற்று எங்கே போகும்? அதனால்தான் சத்தம் நின்றது. சளி பிடித்து மூக்கடைத்தவர் ‘மாமா’ என்று கூப்பிட்டால் ‘பாபா’ மாதிரி கேட்பதும் இதனால்தான்.

இப்போது கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து மறுபடி ‘ம்ம்ம்’ சொல். அதிர்கிறதா? குரல்வளைக்குள் இருக்கும் குரல்நாண்கள் துடிக்கின்றன. ஆக, ‘ம்’ பிறக்க மூன்று வேலை நடக்க வேண்டும். உதடு மூட வேண்டும், மூக்கு வழி திறக்க வேண்டும், குரல்நாண் துடிக்க வேண்டும். புரிகிறதா? பகரமும் மகரமும் இரண்டு உதடும் சேர்வதால் பிறப்பவை என்று தொல்காப்பியர் தன் இலக்கண நூலின் பிறப்பியலில் எழுதி வைத்திருக்கிறார். மெல்லின எழுத்துகளுக்கு மூக்குக் காற்று வேண்டும் என்பதும் அங்கே இருக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் தன் வாயையே உற்றுக் கவனித்துச் சொன்னவர் அவர். நீ இப்போது செய்ததும் அதே வேலைதான்.

சரி, இப்போது ‘ம’ என்று ஒரு தாளில் பெரிதாக எழுது. நன்றாக உற்றுப் பார். அதில் உதடு தெரிகிறதா? மூக்கு தெரிகிறதா? ஒன்றும் இல்லையே! இந்தக் கோட்டுக்கும் அந்தச் சத்தத்துக்கும் இயற்கையில் எந்த உறவும் கிடையாது. இந்த வடிவத்துக்கு இந்தச் சத்தம் என்று மனிதர்கள் கூடி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குன்றில் 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய தமிழ் எழுத்துகள் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே போய் இன்றைய ‘ம’வைத் தேடினால் கிடைக்காது. அந்தக் காலத்தில் அதன் வடிவமே வேறு.

உன் தங்கையின் கஷ்டம் இதுதான். பிறந்ததிலிருந்து அவள் காதில் ‘ம்’ விழுந்துகொண்டே இருக்கிறது. கோட்டையும் அவளால் பார்க்க முடிகிறது. இரண்டையும் முடிச்சுப் போடுவதுதான் புது வேலை. அந்த முடிச்சு மூளைக்குள் விழ வேண்டும். நம் இடக் காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கத்தில், எழுத்தை அடையாளம் காணும் ஒரு சிறு பகுதி உண்டு. ஸ்தனிஸ்லாஸ் தெஹான், லோரான் கோஹன் என்ற பிரெஞ்சு அறிஞர்கள் அதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். எந்த மொழியைப் படித்தாலும் ஏறக்குறைய அதே இடம்தான் வேலை செய்கிறது. படிக்கத் தெரியாத குழந்தையிடம் அந்த இடம் எழுத்துக்கென்று இன்னும் பழகவில்லை. பொருள்களையும் முகங்களையும் பார்த்து அறியும் வேலையில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை கேள். ஒரு மாங்காயை இடப்பக்கம் திருப்பினாலும் மாங்காய், வலப்பக்கம் திருப்பினாலும் மாங்காய், தலைகீழாகப் பிடித்தாலும் மாங்காய். இப்படித்தான் நம் மூளை உலகத்தைப் பழகியிருக்கிறது. எழுத்து அப்படியா? திருப்பினால் கெட்டது! ‘ம’வைக் கண்ணாடியில் தெரிவது போலத் தங்கை திருப்பி எழுதினால் சிரிக்காதே. அவள் மூளை மாங்காய்க்கான பழைய விதியை எழுத்துக்கும் போட்டுப் பார்க்கிறது. சின்னக் குழந்தைகளில் மிகப் பலர் இப்படி எழுதுவார்கள். பழகப் பழகச் சரியாகும்.

அப்படியானால் எப்படிப் பழக்குவது? உனக்கு ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 200 ஆண்டுகளுக்கும் முன்பு சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி இருந்தது. ஆண்ட்ரூ பெல் என்பவர் அதை நடத்தினார். ஒருநாள் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்து போனபோது, குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். ஆகா, இது நன்றாக இருக்கிறதே என்று தன் பள்ளியில் கொண்டுவரச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் முடியாது என்றுவிட்டார். பெல் என்ன செய்தார் தெரியுமா? எட்டு வயது மாணவன் ஜான் ஃபிரிஸ்கெனிடம் குட்டிப் பிள்ளைகளின் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான்! 1797-இல் பெல் இதையெல்லாம் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது பெயர் பெற்றது. எட்டு வயதுப் பையனால் முடிந்தது உன்னால் முடியாதா?

விரலுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையாரும் அதை நம்பினார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் குழந்தை இரண்டு விரலால் தடவும். தடவும்போதே அதன் ஒலியைச் சொல்லும். கண், காது, வாய், கை நான்கும் ஒரே எழுத்தில் கூடுகின்றன. எழுதும் திசையும் விரலில் பதிவதால் திருப்பி எழுதுவது குறைகிறது.

நீயும் ஒரு தட்டில் அரிசியைப் பரப்பிக்கொள். அம்மாவிடம் கேட்டுவிட்டு எடு! தங்கை உன் வாயைப் பார்க்கட்டும். உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று இழுத்து, வாயைத் திறந்து ‘ம’ என்று முடி. அவளும் சொல்லட்டும். பிறகு அவள் விரல் அரிசியில் ‘ம’ போடட்டும். ‘இம்’ என்று சொல்லித் தராதே. ‘மாடு’ என்ற சொல்லில் ‘இம்’ எங்கே இருக்கிறது? குழந்தை குழம்பும்.

‘ப’, ‘ழ’ இரண்டையும் இந்த வாரம் கண்ணில் காட்டாதே. ‘ப’ மேலே திறந்த ‘ம’ போல இருக்கும். ‘ழ’ வால் முளைத்த ‘ம’ போல இருக்கும். மூன்றையும் ஒன்றாகக் காட்டினால் பெரியவர்களே தடுமாறுவார்கள்.

ஐந்து நிமிடம் போதும், நாளைக்கு மறுபடி ஐந்து நிமிடம். இடையில் மறந்தால் மறக்கட்டும். மறந்ததை முயன்று நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் அந்த முடிச்சு இறுகும். சாப்பிடும்போதும் நடக்கும்போதும் காதுக்கு ஒரு விளையாட்டு கொடு. மணி, பட்டம், அம்மா — ‘ம்’ எங்கே ஒளிந்திருக்கிறது? முதலிலா, நடுவிலா, கடைசியிலா? ‘பூனை’ என்று சொல்லி ஏமாற்றியும் பார். ‘இதில் இல்லையே!’ என்று அவள் கத்தினால் காது தயாராகிவிட்டது.

அடுத்த எழுத்து எது? ‘ர’ என்று நான் சொல்வேன். பார்வைக்கும் ‘ம’வோடு ஒட்டாது, ஒலிக்க நாக்கு நுனி வேலை செய்ய வேண்டும், உதட்டுக்கு ஓய்வு. இந்த இரண்டும் வந்ததும், ஒரு புள்ளியை மட்டும் கூடச் சேர்த்து ‘மரம்’ என்று எழுதி அவள் முன்னால் வை. கடைசி எழுத்தில் வாயை மூடியபடியே நிற்கச் சொல். புள்ளிக்கு அதுதான் வேலை. அதை அவளாகவே படித்துவிட்டால் எனக்கு ஒரு கடிதம் போடு.

அன்புடன்,
மாமா