வீட்டுக்கு என்ன விலை கேட்பது?

"எண்பது சொல்றாங்க சார். நீங்க எழுபத்தஞ்சுக்குக் கேளுங்க, பேசி முடிச்சுடலாம்." சென்னைப் புறநகரில் பழைய ஃபிளாட் தேடி அலைகிறவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாகியிருக்கும். வீட்டின் மதிப்பு என்ன என்ற கேள்வியே எழாமல், சொன்ன விலையில் எவ்வளவு குறைக்கலாம் என்பதிலேயே பேச்சு சுற்றிவரும். விலையில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் வாங்கும் தரகருக்கு அதுதான் வசதி.

சொன்ன விலையை மறந்துவிட்டு நிலத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். ஒரு உதாரணம். ஆயிரம் சதுர அடி ஃபிளாட், வயது 15. பத்திரத்தில் உள்ள பிரிபடாத பாகம் (யுடிஎஸ்) 450 சதுர அடி. அந்தத் தெருவில் மனை சதுர அடி 9,000 ரூபாய்க்குப் போகிறது என்றால் நிலத்துக்கு 40.5 லட்சம். இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,500 என்று வைத்தால் 25 லட்சம். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு என்று கொண்டு கால்வாசியைக் கழித்தால் 18.75 லட்சம். மொத்தம் 59 லட்சத்துச் சொச்சம். பேருந்து வசதி, பள்ளி, கார் நிறுத்தும் இடம் என்று சேர்த்தாலும் எண்பது எங்கிருந்து வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பேச்சை அறுபதில் தொடங்கலாம். விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பதிவுத்துறை இணையதளத்தில் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பைக் காசில்லாமல் பார்க்கலாம். சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தால், அதே குடியிருப்பில் சமீபத்தில் கைமாறிய வீடுகளின் கிரயத் தொகையும் தெரியும். ஆனால் பலரும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பத்திரத்தில் எழுதுவதால், அதை அப்படியே சந்தை விலை என்று நம்பிவிடக் கூடாது. முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் என்றால், மழைவெள்ளத்தில் தெருவில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறியது என்று எதிர்வீட்டில் விசாரியுங்கள். விலையைக் குறைக்க அதைவிட வலுவான காரணம் கிடைக்காது. அனுமதி வரைபடத்தில் இல்லாத மாடி என்றால் விலையே கேட்காமல் திரும்பிவிடுவது நல்லது.

அடுத்து, உங்கள் பை. 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மதிப்பையும் வங்கியின் மதிப்பீட்டாளர் தனியே போடுவார். நீங்கள் எழுபதுக்கு ஒத்துக்கொண்டு, அவர் 62 என்று எழுதினால் கடன் 49.6 லட்சம்தான். மீதி 20.4 லட்சத்தோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதாவது 6.3 லட்சம். கையிலிருந்து 26.7 லட்சம் போகும், தரகர் கூலி தனி. உங்கள் உச்ச விலையை இந்தக் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும். 50 லட்சமோ அதற்கு மேலோ கிரயம் என்றால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் வேறு, அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

பெரிய பள்ளம் இனிமேல்தான். "பத்திரத்தில் 45 போடுவோம், 25 கையில் கொடுங்க, விலையில் ரெண்டு குறைக்கிறேன்." அந்த இரண்டு லட்சத்துக்கு மயங்கினால் வங்கிக் கடன் 45க்கே கணக்கிடப்படும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 45 என்றாகி, லாப வரி உங்கள் தலையில் விழும். எழுதிய தொகை வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்த வித்தியாசத்தை வாங்கியவரின் வருமானமாகவே வரித்துறை எடுத்துக்கொள்ளலாம். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கும் விற்பனையாளருக்கு, வாங்கிய அளவுக்கே அபராதம் உண்டு. பேரம் முறிந்தாலோ, கையில் கொடுத்த 25 லட்சத்துக்குக் காகிதமே இருக்காது.

டோக்கன் அட்வான்ஸை அவசரப்பட்டு நீட்டாதீர்கள். கொடுத்த பிறகு விலையைப் பற்றிப் பேசும் பலம் போய்விடும். பட்டா, தாய்ப் பத்திரம், வில்லங்கம் மூன்றையும் வக்கீல் பார்த்த பின், வங்கி வழியாகவே கொடுங்கள். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். கடன் கிடைக்காவிட்டாலோ ஆவணத்தில் குறை தெரிந்தாலோ முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற வரியை அதில் கேட்டு எழுதிவாங்குங்கள். மறுக்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

விற்பவர் வேறொருவர் அதிக விலை தருகிறார் என்று பின்வாங்கினால், கிரயத்துக்குக் குறித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். பணத்தோடு தயாராக இருந்தீர்கள் என்பதை வங்கிக் கணக்கும் அனுப்பிய நோட்டீஸும் காட்ட வேண்டும். முன்பணத்தைத் திருப்பித் தரும்படி மாற்றுக் கோரிக்கையை அதே மனுவில் எழுதச் சொல்லுங்கள். கேட்காததை நீதிமன்றம் தராது. தவறு விற்பவர் பக்கம் என்றால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே உங்களுக்குப் பொறுப்புரிமை உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச உதவி கிடைக்கும்.