பெட்டி தோன்றும் வரை

கோப்பாய், உரும்பிராய், நீர்வேலி ஆகிய ஊர்களின் செம்மண் தோட்டங்களில் முன்னாளில் துலா மிதித்து நீர் இறைப்பர். வாய்க்காலின் மறு அந்தத்தில் தண்ணீர் மாறுபவர் மண்வெட்டியுடன் நிற்பார். அவர் நேரத்தை எண்ணுவதில்லை. பாத்தி நிரம்புகிறதா என்றே பார்த்து நிற்பார். வாய்க்கால் காய்ந்திருந்தால் நீர் தாமதித்து வரும். ஈரமாயிருந்தால் விரைந்து வரும். மணிக்கணக்கை மட்டும் நம்பியவர் ஒன்றில் பயிரை மூழ்கடிப்பார், அல்லது வாடவிடுவார்.

இதே சிக்கல் கணினித்துறையிலும் உண்டு. ஓர் இணையத்தளம் செவ்வனே இயங்குகின்றதா என்பதை மனிதர் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்ப்பதற்குப் பதிலாக, மென்பொருளே உலாவியை இயக்கிப் பரிசோதிக்கிறது. அத்தகைய கருவிகளுள் பெயர்பெற்றது செலீனியம். 2004ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் யேசன் ஹக்கின்ஸ் என்பவர் இதனைத் தொடக்கினார். மெர்க்குரி என்னும் போட்டி நிறுவனத்தின் பெயரை வைத்து, பாதரச நஞ்சுக்குச் செலீனியம் மாற்று என்று அவர் செய்த வேடிக்கையே பெயராக நிலைத்துவிட்டது.

பணம் அனுப்பும் பக்கமொன்றில் பொத்தானை அழுத்தியதும், "உறுதிதானா?" என்று ஒரு சிறு பெட்டி முன்னே பாய்கிறது என்று கொள்வோம். அதற்கு விடையளிக்கும் வரை பக்கத்தின் ஏனைய வேலைகள் யாவும் நின்றுவிடும். பெட்டி தோன்றுமுன் மென்பொருள் அதனைத் தேடினால், "பெட்டி இல்லை" என்று பிழை எழும். தோன்றிய பெட்டியைக் கவனியாது அடுத்த கட்டளையை இட்டாலோ, நிலைமை இன்னும் மோசம். 2018இல் உலகளாவிய வலை இணையம் வகுத்த நியமத்தின்படி, வேறு ஏற்பாடு செய்யாவிடின், உலாவி அப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் பிழையை அறிவிக்கும். தள்ளுவதென்றால் "வேண்டாம்" என்று விடையளிப்பதே. பணம் போகாது. பரிசோதகரோ தளத்திற் குற்றம் தேடிப் பொழுதைக் கழிப்பார்.

"ஐந்து விநாடி உறங்கு" என்று கட்டளையிடுவது பலர் கையாளும் எளிய வழி; ஆயினும் சோம்பல் வழி. இருநூறு இடங்களில் அவ்வாறு எழுதினால் ஆயிரம் விநாடி, அதாவது பதினாறு நிமிடத்துக்கும் மேல், வீணே கழியும். இணைப்பு மந்தமான நாளில் அந்த ஐந்து விநாடியும் போதாது. காரணமின்றி இன்று தேறி நாளை தவறும் பரிசோதனையை எவரும் நம்பார். உண்மையான பிழையை அது காட்டும் நாளிலும் பொருட்படுத்தார்.

தக்க வழி, நிபந்தனையுடன் காத்திருத்தல். பத்து விநாடி எல்லையென்று வைத்தால், கருவி அரை விநாடிக்கொரு முறை பெட்டி வந்ததா என்று பார்க்கும், வந்தவுடனே மேற்செல்லும். எல்லை கடந்தும் வராவிடின் பிழையென்று அறிவிக்கும். பக்கத்தின் உறுப்புகளைத் தேடுவதற்கென முன்கூட்டியே பொதுவாக வைக்கும் காத்திருப்பு இப்பெட்டிக்குப் பயன்படாது என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இக்காலத் தளங்களில் தோன்றும் அழகிய பெட்டிகள் பல, உலாவியின் பெட்டிகளே அல்ல. பக்கத்தின் உள்ளேயே வரையப்பட்டவை. அவற்றுக்கு உலாவிப் பெட்டிக்கான கட்டளை செல்லாது. ஏனைய உறுப்புகளைப் போலவே அவற்றையும் தேடிக் கண்டு, கண்ணுக்குப் புலப்படும் வரை காத்திருந்து, அதன் பின்னரே அழுத்துதல் வேண்டும்.