குளிருக்கும் கணக்கு உண்டு

மைசூருவில் ஏ.சி. எதற்கு என்று கேட்கும் மூத்த வாடிக்கையாளர்கள் இன்றும் உள்ளனர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். மார்கழியில் சால்வை வேண்டும். கேள்வி நியாயமானதே. ஆயினும் கண்ணாடி முகப்பும் தாழ்ந்த உட்கூரையும் கணினி வரிசைகளும் கொண்ட இக்கால அலுவலகம், ஊர்க்காற்றை வெளியே நிறுத்திவிட்டுத் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

நான் முன்பு பணியாற்றிய கிளையொன்றில், குளிர்காற்றுத் துளைக்கு நேர் கீழே அமர்ந்த காசாளர் ஸ்வெட்டர் அணிந்திருப்பார். மேற்குக் கண்ணாடியருகே அமர்ந்தவர் வியர்வை துடைத்துக்கொண்டிருப்பார். ரிமோட் கருவி யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததே வெப்பநிலை. ஏ.சி.க்கெனத் தனியே ஒரு டிஜிட்டல் மின்அளவியைப் பொருத்தி, அதன் வரைபடத்தைக் கைப்பேசியில் கண்டபோதுதான் உண்மை புலப்பட்டது: சனிக்கிழமை மாலை அணைக்க மறந்த இயந்திரம் திங்கள் காலை வரை ஓடியிருக்கிறது. உடனே நேரக்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தினோம். அவசரத்தில் யு.பி.எஸ். அறையின் இணைப்பையும் அதிலேயே சேர்த்துவிட்டோம். முதல் இரவே அவ்வறை சூடேறி எச்சரிக்கை மணி ஒலித்தது. மனிதர் இல்லாத நேரத்திலும் குளிர்ச்சி வேண்டும் இடம் எது என்பதை முதலிலேயே பிரித்தறிய வேண்டும்.

இத்துறையில் நம் நாட்டில் நன்கு அளந்து பார்க்கப்பட்ட முயற்சி இன்ஃபோசிஸ் நிறுவனத்துடையது. ஹைதராபாத்தில் ஒரு கட்டடத்தை ஒத்த இரு பாதிகளாக அமைத்து, ஒன்றில் வழக்கமான குளிர்காற்று முறையையும், மற்றதில் கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்நீர் ஓடும் முறையையும் வைத்து ஒப்பிட்டனர். குளிர்நீர் முறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தைக் குறைத்தது. இரு பாதிகளிலும் தனித்தனி அளவிகள் இருந்தமையால் இது விளம்பரமாக நிற்காமல் கணக்காக நின்றது. இந்நிறுவனத்தின் பல நகர வளாகங்களிலுள்ள குளிரூட்டும் இயந்திரங்களைப் பெங்களூருவிலுள்ள மையத்திலிருந்து கண்காணிக்கின்றனர்.

இவ்வெண்ணம் புதியதன்று. அமெரிக்கப் பேராசிரியர் வாரன் ஜான்சன் 1883-ஆம் ஆண்டிலேயே மின்சார வெப்பநிலைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அன்று ஒரு மணி ஒலித்துப் பணியாளரை அழைத்தது. இன்று அறையில் ஆள் உண்டா, வெப்பம் எவ்வளவு என உணரிகள் அறிந்து இயந்திர வேகத்தையே மாற்றுகின்றன.

சிறு அலுவலகத்துக்கு இத்தனை ஏற்பாடும் தேவையில்லை. நட்சத்திரக் குறியீடுள்ள அறை ஏ.சி.கள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியைத் தொடக்க நிலையாகக் கொண்டே விற்பனைக்கு வரவேண்டும். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் வாரியத்தின் மதிப்பீடு. பதினெட்டில் வைத்தால் விரைந்து குளிரும் என்பது வெறும் நம்பிக்கை. சாதாரண இயந்திரம் விரைந்து குளிர்விப்பதில்லை, நீண்ட நேரம் ஓடுகிறது, அவ்வளவே.

கருவி வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம் நான் முதலில் கேட்பது பழைய மின்கட்டணச் சீட்டுகளை. ஏப்ரல் சீட்டை ஜனவரிச் சீட்டோடு ஒப்பிட்டுச் சேமிப்பைக் காட்டும் விற்பனையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டின் அதே மாதச் சீட்டைக் கொண்டுவாருங்கள்.