டாலர்னா: சிவப்பு வீடுகளுக்குப் பின்னால் ஒரு பள்ளம்

ஸ்வீடன் பற்றிய எந்தச் சுற்றுலாப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு சிவப்பு மரவீடு இருக்கும். வெள்ளை விளிம்பு வைத்த ஜன்னல், முன்னால் புல்வெளி, பின்னால் ஏரி. ஜன்னல் ஓரத்தில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு மரக்குதிரை நின்றாலும் நிற்கும். அந்தச் சிவப்பும் சரி, அந்தக் குதிரையும் சரி, இரண்டுக்கும் சொந்த ஊர் டாலர்னா. ஸ்டாக்ஹோமிலிருந்து வடமேற்கே ரயிலில் மூன்று மணி நேரம் போனால் வரும், காடும் ஏரியும் சின்னச் சின்ன கிராமங்களுமான பகுதி.

பெயரைக் கேட்டதும் அமெரிக்க டாலர் ஞாபகம் வருகிறதா? தூரத்துச் சொந்தம் இருக்கத்தான் செய்கிறது. 'டாலர்னா' என்றால் பள்ளத்தாக்குகள். டாலர் நாணயத்தின் பெயரும் 'தால்' என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது; அதற்கும் பள்ளத்தாக்கு என்றுதான் பொருள்.

டாலர்னாவில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று இணையத்தில் தேடினால் பட்டியல் நிறையக் கிடைக்கும். அந்தப் பட்டியலை வரிசையாகப் பார்த்துக்கிட்டே வந்தால் ஒரு விஷயம் புரியும். அதில் அழகுக்காகவே உண்டாக்கியது ரொம்பக் குறைவு. பெரும்பாலானது ஏதோ ஒன்று முடிந்துபோன பிறகு கிடந்த மிச்சம். விண்கல் விழுந்த மிச்சம், சுரங்கம் தோண்டிய மிச்சம், மரம் அறுத்த மிச்சம். இது தெரியாமல் போனால் அழகான ஏரி, அழகான வீடு என்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். தெரிந்து போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருப்பது புரியும்.

விண்கல் போட்ட வளையம்

முதலில் வரைபடத்தைத் திறந்து சில்யான் ஏரியைப் பாருங்கள். அது தனி ஏரி இல்லை. ஊர்ஷா ஏரி உட்படப் பக்கத்து ஏரிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெரிய வட்டத்தின் விளிம்பு மாதிரி தெரியும். காரணம், சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே ஒரு விண்கல் விழுந்தது. ரஷ்யாவைத் தவிர்த்துப் பார்த்தால், ஐரோப்பாவில் இன்றைக்குத் தெரியும் மிகப் பெரிய விண்கல் பள்ளம் இதுதான். விட்டம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

இத்தனை கோடி ஆண்டுகளில் பள்ளம் தேய்ந்துபோய்விட்டது. நடுவில் இப்போது இருப்பது காடு மூடிய மேடு. அதைச் சுற்றியிருந்த வளையம் மட்டும் தாழ்ந்து, அதில் தண்ணீர் நின்று ஏரிகளானது. ரெட்விக் ஊருக்கு மேலே இருக்கும் விடாப்ளிக் கோபுரத்தில் ஏறினால் சில்யான் ஏரி கண்ணுக்கு எட்டும் தூரம் வரை விரிந்து கிடக்கும். வட்டம் முழுசாகத் தெரியாது, அவ்வளவு பெரியது. ஆனால் நாம் நிற்பது அதன் விளிம்பில் என்று தெரிந்து பார்க்கும்போது காட்சியே வேற மாதிரி ஆகிவிடும்.

அந்த மோதலால் இன்னொன்றும் நடந்தது. அந்தக் காலத்தில் இந்த நிலத்தின் மேல் பழைய கடலடிச் சுண்ணாம்புக்கல் படிந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் மற்ற இடங்களில் அது அரித்துப் போய்விட்டது. விண்கல் வளையத்துக்குள் கீழே இறங்கி மாட்டிக்கொண்ட சுண்ணாம்புக்கல் மட்டும் தப்பித்தது. சுண்ணாம்புக்கல் கிடைத்தால் மனிதன் சும்மா இருப்பானா? ரெட்விக் பக்கத்தில் வெட்டி எடுக்க ஆரம்பித்தார்கள். வெட்டி முடித்து 1990 வாக்கில் குவாரியை மூடியபோது மிஞ்சியது சுமார் 60 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெரிய குழி.

நம் ஊர்களில் கைவிட்ட கல்குவாரி என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே என்ன ஆச்சு பாருங்க. ஓபரா பாடகியான மார்கரீட்டா டெல்லெஃபோர்ஸ் திறந்தவெளி அரங்கு ஒன்றுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தவர். இந்தக் குழியைப் பார்த்ததும் இதுதான் இடம் என்று முடிவு செய்தார். செங்குத்தான பாறைச் சுவர்கள் குரலைத் திருப்பி அனுப்புகின்றன. 1993-ல் சோதனையாக ஒரு கச்சேரி நடத்திப் பார்த்தார்கள். இன்றைக்கு டால்ஹல்லா என்ற பெயரில் சுமார் 4,000 பேர் உட்காரக்கூடிய அரங்கு அது. மேடைக்கு முன்னால் குழியில் ஊறிய பச்சை நிறத் தண்ணீர். கோடை மாதங்களில் கச்சேரி நடக்கும். வரிசையை யோசித்துப் பாருங்கள்: விண்கல் விழுந்ததால் சுண்ணாம்புக்கல் மிஞ்சியது, அதனால் குவாரி வந்தது, குவாரியால் அரங்கு.

ஃபாலுன்: ஆயிரம் வருஷம் தோண்டிய இடம்

அடுத்த பள்ளம் மனிதன் தோண்டியது. ஃபாலுன் செம்புச் சுரங்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் வேலை நடந்திருக்கிறது. 1288-ம் ஆண்டு ஆவணம் ஒன்றில் வெஸ்டெரோஸ் நகரத்து பிஷப் ஒருவர் இந்தச் சுரங்கத்தில் எட்டில் ஒரு பங்கு வைத்திருந்தது பதிவாகி இருக்கிறது. கம்பெனிப் பங்கு பற்றிய உலகின் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வேண்டிய செம்பில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போனது. ஸ்வீடன் பெரிய போர்களை நடத்தியதற்கும் இந்தப் பணம்தான் கைகொடுத்தது.

செம்பு அவ்வளவு குவிந்ததால் 1644-ல் செம்புத் தகட்டையே நாணயமாக்கினார்கள். அதில் பத்து டாலெர் மதிப்புள்ள ஒரு நாணயத்தின் எடை 19 கிலோவுக்கும் மேல்! சட்டைப்பையை விடுங்கள், தோளில் சுமந்துதான் கடைக்குப் போகணும்.

சுரங்கத்தைப் பார்க்கப் போனால் முதலில் கண்ணில் படுவது 'பெரும் பள்ளம்' என்று அவர்கள் அழைக்கும் குழி. சுமார் 100 மீட்டர் ஆழம். இதை இந்த வடிவில் யாரும் திட்டம் போட்டுத் தோண்டவில்லை. பல நூறு வருஷமாக யார் எங்கே வேண்டுமோ அங்கே குடைந்துகொண்டே போனதில் உள்ளே தாங்கி நின்ற பாறை மெலிந்துபோனது. 1687 ஜூன் மாதம் மொத்தமும் இடிந்து விழுந்தது. அன்று நடுக்கோடைத் திருவிழா விடுமுறை. வருஷத்தில் தொழிலாளர்கள் உள்ளே இறங்காத மிகச் சில நாட்களில் ஒன்று. அதனால் ஒருவர்கூடச் சாகவில்லை.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. 1677-ல் மாட்ஸ் இஸ்ராயெல்சன் என்ற இளைஞன் சுரங்கத்தில் தனியாக இறங்கிக் காணாமல் போனான். 1719-ல் தண்ணீர் நிறைந்த பழைய குடைவு ஒன்றில் அவன் உடல் கிடைத்தது. தண்ணீரில் கலந்திருந்த உலோக உப்பு உடலை அழுகவிடவில்லை. முகம் அப்படியே இளைஞனாக இருந்தது. 42 வருஷம் கழித்து யார் அடையாளம் சொல்வது? அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண், இப்போது முதியவள், வந்து பார்த்து அடையாளம் சொன்னாள். ஜெர்மன் எழுத்தாளர்கள் ஹேபெலும் ஹோஃப்மனும் இதை வைத்துக் கதை எழுதினார்கள். அவர்கள் கதையில் சொல்லாத மிச்சம் ஒன்று உண்டு: அந்த உடலைக் காட்சிப்பொருளாக வைத்திருந்தார்கள். கடைசியாக அடக்கம் செய்தது 1930-ல்.

தாவரங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1734-ல் இங்கே வந்து உள்ளே இறங்கினார். பார்த்துவிட்டு நரகத்தோடு ஒப்பிட்டு எழுதினார். மிகைப்படுத்தல் இல்லை. தாதுவிலிருந்து கந்தகத்தைப் போக்கத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் தீயில் வாட்டுவார்கள். அந்தப் புகையில் ஊரைச் சுற்றிப் புல் பூண்டு முளைக்கவில்லை.

1992 டிசம்பரில் சுரங்க வேலை நின்றது. 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்போது வழிகாட்டியோடு 67 மீட்டர் ஆழம் வரை இறங்கிப் பார்க்கலாம். கோடையிலும் உள்ளே ஐந்தாறு டிகிரிதான். ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டுப் போங்க.

குப்பையிலிருந்து வந்த சிவப்பு

இப்போது அந்தச் சிவப்பு வீட்டுக்கு வருவோம். செம்பு குறைவாக உள்ள கல்லை வெளியே கொட்டி விடுவார்கள். அப்படிக் கொட்டிய குவியல்கள் நூற்றாண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்கி, இரும்புச் சத்துள்ள காவி மண்ணாயின. அதை அலசி, உலர்த்தி, சூளையில் சுட்டு, அரைத்தால் சிவப்புப் பொடி. ஃபாலுன் சிவப்பு என்பது இதுதான்.

சாயம் செய்வது கிட்டத்தட்டக் கூழ் காய்ச்சுவது மாதிரி. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ரை அல்லது கோதுமை மாவைக் கரைத்து, சிவப்புப் பொடி போட்டு, கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் ஊற்றிக் கிளறுவார்கள். பெயின்ட் மாதிரி மேலே ஏடாகப் படியாது. மரம் மூச்சு விடும், ஈரம் உள்ளே தங்காது. அதனால்தான் பழைய மரவீடுகள் இன்னும் நிற்கின்றன.

16-ம் நூற்றாண்டிலேயே இந்தச் சிவப்பு அரச மாளிகைகளுக்குப் போய்விட்டது. பிறகு பணக்காரர்கள் தங்கள் மரவீட்டுக்கு இதைப் பூசினார்கள். காரணம், தூரத்திலிருந்து பார்த்தால் செங்கல் வீடு மாதிரித் தெரியும்! சாதாரணக் குடியானவர் வீடு வரை பரவலாக இறங்கி வந்தது 19-ம் நூற்றாண்டில். ஆக, இன்றைக்கு எளிமையின் அடையாளமாக நாம் பார்க்கும் நிறம், ஆடம்பரத்தைப் பாவனை செய்யப் பிறந்தது. சுரங்கம் மூடிய பிறகும் பழைய குவியல்களிலிருந்து மண் எடுத்துச் சாயம் செய்வது நிற்கவில்லை. செம்பு போனது, குப்பை இன்னும் சோறு போடுகிறது.

குப்பைக்கு இன்னும் பல பயன்கள். செம்பு உருக்கியபின் மிஞ்சிய கசடை அச்சில் வார்த்துக் கல்லாக்கிச் சுவர் கட்டினார்கள். ஃபாலுனில் அந்தக் கறுப்புக் கற்களை இன்றும் பார்க்கலாம். தாது தூக்கும் கயிறு மாட்டுத்தோலில் முறுக்கியது. தோலுக்காக அத்தனை மாடுகளை வெட்டினால் இறைச்சியை என்ன செய்வது? உப்புப் போட்டுப் புகையில் வாட்டி 'ஃபாலுகோர்வ்' என்ற தொத்திறைச்சி ஆக்கினார்கள். இன்றைக்கு ஸ்வீடன் முழுக்கக் குழந்தைகளின் மதியச் சாப்பாடு அது.

பக்கத்தில் சுன்ட்போர்ன் கிராமத்தில் ஓவியர் கார்ல் லார்சனும் அவர் மனைவி காரினும் வாழ்ந்த வீடு இருக்கிறது. காரினின் அப்பா 1888-ல் கொடுத்தது. ஸ்வீடிஷ் வீட்டு அலங்காரத்துக்கே இந்த வீடுதான் முன்மாதிரி என்பார்கள். அதன் பெயர் 'லில்லா ஹுட்னெஸ்'. அதிலுள்ள 'ஹுட்டா' என்பது உலோகம் உருக்கும் கொட்டகையைக் குறிக்கும் சொல்.

மரத்துண்டிலிருந்து குதிரை

மூரா ஊர்ப் பக்கம் நூஸ்நெஸ் என்ற கிராமத்தில் மரக்குதிரை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. கடிகாரப் பெட்டியும் மேசை நாற்காலியும் செய்தவர்கள், காட்டில் மரம் வெட்டப் போனவர்கள், நீண்ட குளிர்கால இரவில் அடுப்பருகே உட்கார்ந்து மிச்ச மரத்துண்டில் குழந்தைகளுக்குச் செதுக்கியதுதான் ஆரம்பம். பிறகு வீட்டுச் சாமான்களுக்குப் பண்டமாற்றாகவும் கொடுத்தார்கள். நிலம் கொஞ்சம், குடும்பம் பெரிசு என்ற ஊரில் இந்தக் குதிரை விளையாட்டுச் சாமான் மட்டும் இல்லை, வருமானம். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்வீடன் அரங்கில் பெரிய குதிரை ஒன்றை நிறுத்திய பிறகு அது நாட்டுச் சின்னமாகவே ஆகிவிட்டது. பட்டறையில் செதுக்குவதையும் பூ வரைவதையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பார்க்க முடியாத ஒரு மிச்சம்

பட்டியல்களில் வராத ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. மூராவிலிருந்து வடமேற்கே எல்வ்டாலன் என்ற பகுதியில் எல்வ்டாலியன் என்றொரு பேச்சு உண்டு. பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. மற்ற ஸ்காண்டிநேவிய மொழிகள் தொலைத்துவிட்ட மூக்கொலி உயிர்களையும் வேற்றுமை வடிவங்களையும் இது இன்னும் வைத்திருக்கிறது. ஸ்டாக்ஹோம்காரருக்குப் புரியாது. ரூன் எழுத்துகளைக்கூட இந்தப் பக்கத்து மக்கள் 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மரத்தில் செதுக்கிப் பயன்படுத்தினார்கள். வேறு எங்கும் அவ்வளவு காலம் நீடிக்கவில்லை.

பேசுகிறவர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் பேர்தான். ஸ்வீடன் அரசு ஐந்து மொழிகளைச் சிறுபான்மை மொழிகளாக ஏற்றிருக்கிறது. அதில் இது இல்லை, வட்டார வழக்கு என்ற கணக்கில் வைத்திருக்கிறார்கள். இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. குழிக்கு டிக்கெட் போடலாம், குதிரையை விற்கலாம், வீட்டுக்குச் சாயம் பூசிக் காட்டலாம். அதனால் அவையெல்லாம் பிழைத்துக்கொண்டன. மொழியைச் சுற்றிப் பார்க்க முடியாது. அதைக் காப்பாற்ற வருகிறவர் போகிறவரால் ஆகாது, வீட்டில் அம்மா பிள்ளையோடு பேசணும்.

போக நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. ஜூன் கடைசியில் போனால் லெக்சாண்டில் நடுக்கோடைக் கம்பம் நடும் திருவிழாவையும் பார்க்கலாம். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஃபாலுனில் தொடங்குங்கள். முதல் நாள் சுரங்கத்தில் இறங்கிவிட்டு மேலே வந்து, அந்தக் குவியல்களின் பக்கம் கொஞ்ச நேரம் நடங்கள். அப்புறம் சுன்ட்போர்ன், ரெட்விக், நூஸ்நெஸ், முடிந்தால் எல்வ்டாலன். இந்த வரிசையில் போனால், வழியில் வரும் ஒவ்வொரு சிவப்பு வீட்டையும் பார்க்கும்போது அந்த நிறம் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.